உடம்பைத் துரத்தும் வெளிச்சம்: ஜப்பானின் டம்ப் டைப் குழு

மேடை என்று சொல்வதைவிட நடைபாதை என்று சொல்லலாம். நீளமான, ஒடுங்கிய, பளிச்சென்ற வெள்ளைத் தரை. இரண்டு பக்கமும் உயரத்தில் பார்வையாளர்கள் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்க்கிறார்கள். தரைக்கு மேலே குறுக்குவாட்டில் இரண்டு உலோகச் சட்டங்கள், ஒன்று தாழ்வாக, இன்னொன்று தலைக்கு மேலே. மோட்டாரில் ஓடும் இந்தச் சட்டங்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வருகின்றன, வரும் வழியெல்லாம் வெளிச்சத்தையும் படங்களையும் தரையில் கொட்டிக்கொண்டே. ஜெராக்ஸ் மெஷினில் கண்ணாடிக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு போய்வருமே, கிட்டத்தட்ட அதுதான், மனிதர்கள் நடமாடும் அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள். தாழ்வான சட்டம் நெருங்கும்போது ஆடுகிறவர் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும், இல்லையென்றால் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். சட்டம் யாருக்காகவும் நிற்காது.

1990-ல் வந்த இந்தப் படைப்பின் பெயர் ‘பிஹெச்’. செய்தவர்கள் கியோட்டோவைச் சேர்ந்த டம்ப் டைப் குழுவினர். நடனத்தையும் வீடியோவையும் கலந்து தரும் ஜப்பானியக் குழுக்கள் என்று இன்று யூடியூபில் தேடினால் வந்துகொண்டே இருக்கும், பாதியைப் பார்த்ததும் அடேங்கப்பா என்று வாயைப் பிளக்கத் தோன்றும், தப்பில்லை. ஆனால் படமும் உடம்பும் ஒரே மேடையில் நின்றால் ஒரு கேள்வி தானாக வந்துவிடுகிறது: யார் சொல்லுக்கு யார் ஆடுகிறார்கள்? பல குழுக்கள் இதைத் திறமையால் மூடிவிடுகின்றன. டம்ப் டைப் இதையே நாடகமாக்கியது. அதனால்தான் இந்த வகைக் கலையைப் புரிந்துகொள்ள நினைத்தால் புதுசுகளை விட்டுவிட்டு இவர்களிடமிருந்து ஆரம்பிப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

குழு தொடங்கியது 1984-ல். கியோட்டோ நகரக் கலைப் பல்கலைக்கழக மாணவர்கள்தான் மையம். டெய்ஜி ஃபுருஹாஷி, ஷிரோ தகதானி, டோரு கோயமாடா, இசைக்கு டோரு யமனாகா, ஒளியமைப்புக்கு தகாயுகி ஃபுஜிமோட்டோ என்று வேறு வேறு துறைக்காரர்கள், முறையாக நடனம் படித்தவர்கள் குறைவு. இயக்குநர் என்று ஒருத்தரை நியமிக்கவில்லை. குரு, மூத்தவர், இளையவர் என்ற படிநிலை கலை உலகத்திலும் ஆழமாக ஊறிய நாட்டில் இது சின்ன விஷயமில்லை. படம் எடுப்பவரும் ஒலி செய்பவரும் கட்டடக் கணக்குப் போடுபவரும் ஆடுபவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு படைப்பை உருட்டித் திரட்டுவார்கள். (நடைமுறையில் 90களின் பாதி வரை ஃபுருஹாஷிதான் குழுவின் முகமாக இருந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை.) இந்த ஏற்பாட்டுக்கு மேடையிலேயே ஒரு விளைவு உண்டு. நடனத்தை முதலில் அமைத்துவிட்டு, அப்புறம் பின்னணிக்கு ஒரு வீடியோ கேட்டு வாங்குவதில்லை. சட்டம் என்ன வேகத்தில் ஓடும் என்பது முடிவானால்தான் அசைவே பிறக்கும்.

அது ஜப்பான் பணத்தில் மிதந்த காலம். 1989 டிசம்பர் கடைசி நாள் வணிகத்தில் டோக்கியோ பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915 புள்ளிகளைத் தாண்டி முடிந்தது. அடுத்த வருடமே சரிவு. வாக்மேன், வீடியோ கேமரா, விற்பனை இயந்திரங்கள், தெருவெல்லாம் மின்விளக்குப் பலகைகள் என்று எல்லாம் சௌகரியமாக, எல்லாம் பளபளப்பாக இருந்த வாழ்க்கையைத்தான் இவர்கள் 1987, 88-ல் ‘ப்ளெஷர் லைஃப்’ வரிசையில் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டினார்கள். ‘பிஹெச்’ அதன் அடுத்த படி. அங்கே சௌகரியத்தின் இயந்திரமே மனிதரை வாரிக்கொண்டு போகிறது.

ஜப்பான் என்றாலே தொழில்நுட்பம், அதனால்தான் இப்படி வந்தது என்று சொல்லி முடித்துவிடுவது சோம்பேறித்தனம். திரையையும் உயிருள்ள நடிகரையும் ஒட்டவைக்கும் பழக்கம் அங்கே அதைவிடப் பழையது. 1900களின் பிற்பகுதியிலிருந்து 1910கள் வரை ‘ரென்சாகேகி’ என்று ஒரு வகை ஓடியது, சங்கிலி நாடகம் என்று சொல்லலாம். வீட்டுக்குள் நடக்கும் காட்சியை மேடையில் நடிப்பார்கள். துரத்தல், ஆற்றங்கரைச் சண்டை மாதிரி வெளிப்புறக் காட்சி வந்ததும் திரை இறங்கும், அதே நடிகர்களை வைத்து எடுத்த படம் ஓடும், நடிகர்கள் திரைக்குப் பக்கத்திலிருந்தே வசனம் பேசுவார்கள், அப்புறம் மறுபடி மேடை. 1917-ல் டோக்கியோ போலீஸ் கொண்டுவந்த படக்கொட்டகை விதிகளோடு அந்த நகரத்தில் அது ஒடுங்கிப்போனது. டம்ப் டைப்பின் நேர் முன்னோர் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி ஒரு பரம்பரையை யாரும் நிறுவவும் முடியாது. இன்னும் கிட்டத்தில் தேடினால் 1970 ஒசாகா உலகக் கண்காட்சி இருக்கிறது. அங்கே பெப்சி கூடாரத்தைச் செயற்கை மூடுபனியால் மூடிய ஃபுஜிகோ நகாயா, 1980-ல் டோக்கியோவில் வீடியோ கலைக்கென்றே ஒரு காட்சியகம் தொடங்கினார். பிற்காலத்தில் தகதானி இவரோடு சேர்ந்தே வேலை செய்திருக்கிறார்.

வெளிநாட்டில் அப்போது ஜப்பானிய மேடை என்றால் புட்டோ. உடம்பெல்லாம் வெள்ளை பூசி, நத்தை மாதிரி நகர்ந்து, மண்ணையும் மரணத்தையும் நினைவூட்டும் நடனம். ஐரோப்பிய விழாக்களில் அதற்கு நல்ல மவுசு. டம்ப் டைப்காரர்கள் அதே விழாக்களுக்குக் கோட்டு சூட்டும் சூட்கேஸும் பளிச் பளிச்சென்று வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்குமாகப் போய் நின்றார்கள்.

சரி, படத்தையும் உடம்பையும் சேர்ப்பதில் அப்படி என்ன கஷ்டம்? முதல் கஷ்டம் வெளிச்சம். புரொஜெக்டரின் படம் திரையில் தெரிய வேண்டுமென்றால் மேடை இருட்டாக இருக்க வேண்டும், ஆடுகிறவர் தெரிய வேண்டுமென்றால் மேடையில் விளக்கு வேண்டும், அந்த விளக்கு திரையில் பட்டால் படம் வெளிறிப்போகும். அதனால் இந்த வகை நிகழ்ச்சிகளில் விளக்குகளைப் பெரும்பாலும் பக்கவாட்டில் வைத்து உடம்பை மட்டும் வெட்டி எடுப்பார்கள். இரண்டாவது நிழல். முன்னாலிருந்து படம் வீசினால் ஆடுகிறவரின் நிழல் படத்தில் விழும், பின்னாலிருந்து வீசினால் திரைக்குப் பின்னே ஏகப்பட்ட இடம் தேவைப்படும். மெல்லிய வலைத்துணியைக் குறுக்கே கட்டி, முன்னால் வெளிச்சம் போட்டால் அது திரை, பின்னால் போட்டால் அது மறைந்து உள்ளே இருக்கும் ஆள் தெரிவார் என்பது நாடகக்காரர்களின் பழைய வித்தை. மூன்றாவது, மிகப் பெரியது, நேரம். பதிவான படம் தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆடுகிறவர் அரை நொடி பிந்தினாலும் படம் திரும்பிப் பார்க்காது.

முதல் இரண்டுக்கும் பணமும் கருவியும் இருந்தால் தீர்வு உண்டு. மூன்றாவதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில்தான் ஒரு குழுவின் குணம் தெரிகிறது.

டம்ப் டைப்பின் உச்சம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் 1994-ன் ‘எஸ்/என்’ என்பேன். அதற்குப் பின்னணி வேண்டும். 1992-ல் ஃபுருஹாஷி தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை நண்பர்களுக்குக் கடிதமாக எழுதித் தெரிவித்தார். அப்போது ஜப்பானில் எய்ட்ஸ் என்றால் பீதியும் மௌனமும்தான். 1989-ல் அமலுக்கு வந்த எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நோயாளிகளைக் காப்பதைவிடக் கண்காணிப்பதிலேயே குறியாக இருக்கிறது என்று பலர் எதிர்த்தார்கள். இரத்தம் உறையாமை நோய்க்காகக் கொடுத்த, சூடேற்றிச் சுத்திகரிக்காத மருந்துகளால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றிய விவகாரம் நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. அரசும் மருந்து நிறுவனங்களும் சமரசத்துக்கு வந்தது 1996 மார்ச்சில்தான். அந்தக் கடிதம் குழுவையே மாற்றியது. சில உறுப்பினர்கள் கியோட்டோவில் எய்ட்ஸ் சுவரொட்டி இயக்கம் நடத்தினார்கள், இரவு விடுதிகளில் விழிப்புணர்வு வேலை செய்தார்கள். இன்னொரு பக்கம் ஃபுருஹாஷி பெண்வேடமிட்டு விடுதி மேடைகளில் ஆடும் கலைஞராகவும் கியோட்டோவில் பிரபலம். அந்த உலகமும் நேராக நாடகத்துக்குள் வந்தது.

மேடையில் குறுக்கே நீளமாக ஒரு வெள்ளைச் சுவர். அதுதான் திரை. ஆனால் அந்தச் சுவரின் உச்சியில் ஆட்கள் ஓடும் அளவுக்கு ஒரு ஒடுங்கிய பாதையும் இருக்கிறது. தொடக்கத்தில் சூட் போட்ட ஆண்கள் சிலர் வருகிறார்கள், அவர்கள் உடையில் சீட்டு ஒட்டியிருக்கிறது: ஆண், ஜப்பானியர், தன்பால் ஈர்ப்பாளர், எச்.ஐ.வி. உள்ளவர் என்று. ஒருவர் மேல் அமெரிக்கர், கறுப்பர். இன்னொருவர் மேல் காது கேளாதவர். பார்க்கிறவர்கள் இதை வேஷம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நாடகத்தில் அப்படித்தானே? ஆனால் அவர்கள் பேச ஆரம்பித்ததும் இவை நடிகர்களின் சொந்த விவரங்கள் என்று புரிகிறது, காது கேளாதவர் உண்மையிலேயே கேளாதவர், ஃபுருஹாஷிக்குத் தொற்று உண்மையிலேயே இருக்கிறது. பேச்சு சாதாரண அரட்டை மாதிரி, சிரிப்போடுதான் போகிறது.

அப்புறம் சுவர் பேச ஆரம்பிக்கிறது. வாக்கியங்கள் பெரிது பெரிதாக ஓடுகின்றன, உடல்களின் படங்கள் மின்னுகின்றன, ஒலி காதைத் துளைக்கிறது. அதற்கு மேலே, சுவரின் உச்சியில், ஆட்கள் ஓடுகிறார்கள், நிற்கிறார்கள், அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்து காணாமல் போகிறார்கள். மறுபடி வருகிறார்கள், மறுபடி விழுகிறார்கள். என் பாலினம் மறையட்டும், என் தேசம் மறையட்டும் என்று கனவு காண்பதாக வாசகங்கள் ஓடும்போது, அந்த வாசகங்களுக்கு மேலேயே நிஜ உடம்புகள் மறைகின்றன. சீட்டில் எழுதிய சொல்லும் சுவரில் ஓடும் சொல்லும் ஒரே வேலையைச் செய்கின்றன: ஆளை வெறும் ஒரு குறிப்புச் சொல்லாக மாற்றிவிடுகின்றன. சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் மின்னணுத் துறைச் சொல்தான் தலைப்பு, ஒரு மனிதரைப் பற்றிய தகவலில் எது சேதி, எது இரைச்சல் என்பது நாடகம் முழுக்க ஓடும் சண்டை. வீடியோ இங்கே அலங்காரம் என்று யாராவது சொன்னால் அவர் நாடகத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

‘எஸ்/என்’ 1994 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் விழாவில் அரங்கேறியது. அதே ஆகஸ்டில் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு யோகோஹாமாவில் கூடியது, ஆசியாவில் அது நடந்தது அதுதான் முதல் தடவை. 1995 அக்டோபர் 29 அன்று ஃபுருஹாஷி இறந்தார், வயது 35. குழு கலையவில்லை, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஊர்களுக்கு அவர் இல்லாமலேயே ‘எஸ்/என்’னைக் கொண்டுபோனது.

அதற்குப் பின் வந்தவற்றில் தகதானியின் படமும் ரியோஜி இகேடாவின் ஒலியும் முன்னுக்கு வருகின்றன. இகேடாவின் ஒலியை இசை என்று சொல்லலாமா என்று சிலர் இன்னும் சண்டை போடுகிறார்கள்: சுத்தமான மின்னலைகள், ஊசிக் குத்தல் போன்ற கிளிக்குகள், காதுக்கு எட்டுமா எட்டாதா என்ற எல்லையில் நிற்கும் உச்சக் கீச்சல். பிரான்சின் மோபேஜ் நகரில் 1997-ல் வந்த ‘ஆர்’ படைப்பில் அரைவட்ட வெள்ளைத் திரைக்கு முன் ஸ்ட்ரோப் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். உயிருக்கும் சாவுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்கும் படைப்பு, வந்த நேரத்தைப் பார்த்தால் யாரைப் பற்றியது என்று சொல்ல வேண்டியதில்லை. 1999-ல் ‘மெமொராண்டம்’ நினைவைப் பற்றியது. 2002-ல் துலூஸில் ‘வாயேஜ்’. மூன்றுமே நேர்த்தியானவை, ஆனால் ‘எஸ்/என்’னில் இருந்த வாயாடித்தனமும் வியர்வையும் இவற்றில் குறைந்துவிட்டன என்பது என் அபிப்பிராயம். பளிங்கு மாதிரி ஆகிவிட்டது.

இந்த ஊர்ப் பெயர்களைக் கவனித்தீர்களா? கியோட்டோ குழு, ஆனால் பிறக்கும் இடம் பிரான்ஸ். இத்தனை கருவியை ஏற்றி நிறுத்தி, வாரக்கணக்கில் அரங்கத்திலேயே ஒத்திகை பார்க்க இடமும் கூட்டுத் தயாரிப்புப் பணமும் கொடுக்கும் வழக்கம் ஐரோப்பிய அரங்குகளில் இருந்தது. ஜப்பானில் பெரும்பாலும் அரங்கம் வாடகைக்குத்தான், போனோமா, மாட்டினோமா, ஆடினோமா, கழற்றினோமா என்று முடியும். 2003-ல் யமகுச்சியில் ஊடகக் கலைக்கென்றே ஒரு மையம் திறந்த பிறகுதான் உள்ளூரிலேயே தங்கிச் செய்யும் வசதி ஓரளவு வந்தது.

இப்போது புதியவர்களைப் பார்ப்போம். நொபுயுகி ஹனபுசா 2012-ல் தொடங்கிய என்ரா குழுவை நீங்கள் பெயர் தெரியாமலேயே பார்த்திருக்கக்கூடும்: கறுப்பு உடையில் இரண்டு பெண்கள் கையை வீச, விரல் நுனியிலிருந்து ஒளிப் பொட்டுகள் தெறிக்கும். சென்சார் வைத்து அசைவைப் பிடிக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கிடையாது. படம் முன்கூட்டியே தயார், ஆடுகிறவர்கள் அதன் ஒவ்வொரு நொடியையும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ், தற்காப்புக் கலை, பாலே என்று பயிற்சி பெற்றவர்கள் இருப்பதால் அது முடிகிறது. ஆக, அங்கே உடம்பு படத்துக்கு முழு அடிமை, ஆனால் பார்க்கிறவருக்குத் தெரிவது நேர்மாறு, உடம்பு படத்தை ஆட்டிவைப்பது போல. உழைப்பைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் யாரும் பிந்தவே முடியாத இடத்தில், பிந்தினால் என்ன ஆகும் என்ற பயமும் நமக்கு வருவதில்லை. ‘பிஹெச்’சில் சட்டம் நெருங்கும்போது வயிற்றில் ஒரு பிடி பிடிக்குமே, அது இல்லை.

நடன அமைப்பாளர் மிகிகோ 2009-ல் தொடங்கிய எலெவன்பிளே வேறு பாதை. டைட்டோ மனாபேயின் ரைசோமேட்டிக்ஸ் குழுவோடு சேர்ந்து, கேமராக்கள் உடம்பின் இடத்தை அந்தந்தக் கணமே அளந்து படத்தை மாற்றும் முறையில் இவர்கள் வேலை செய்கிறார்கள், ட்ரோன்களோடும் ஆடியிருக்கிறார்கள். 2013 கான் விளம்பர விழாவில் பெர்ஃப்யூம் என்ற பாடகியர் மூவரின் ஆடைமேல் ஓடிய படங்களும், 2016 ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில், அடுத்த ஒலிம்பிக்கை நடத்தவிருந்த டோக்கியோவுக்காக வந்த எட்டு நிமிடத்தின் ஒரு பகுதியும் இந்தக் கூட்டணியின் கைவரிசை. இவர்களுடையதில் எனக்குச் சுவாரசியமானது 2015-ன் ‘பார்டர்’. பார்வையாளர் கண்ணை மூடும் வி.ஆர். திரையைத் தலையில் மாட்டிக்கொண்டு மின்சார நாற்காலி வண்டியில் உட்கார்ந்துவிட வேண்டும். வண்டி தானாக ஓடும், கண்ணுக்குள் நிஜ நடனமும் கணினிப் படமும் மாறி மாறி வரும். இங்கே இயந்திரம் இழுத்துக்கொண்டு போவது பார்க்க வந்தவரின் உடம்பையே. பழைய கேள்வி வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

டம்ப் டைப் 2002-க்குப் பிறகு புதிய மேடைப் படைப்பைத் தருவதற்குள் 18 வருடம் ஓடிவிட்டது. ‘2020’ என்ற அந்தப் படைப்பு 2020 மார்ச்சில் கியோட்டோவின் ரோம் (ROHM) அரங்கத்தில் வர வேண்டியது. கொரோனா. ரத்து. பதிவு செய்த வடிவத்தைத்தான் பின்னால் காட்ட முடிந்தது. 2022-ல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஜப்பான் அரங்கம் இவர்களுடையது, இசையமைப்பாளர் ரியூயிச்சி சகமோட்டோவும் குழுவில் சேர்ந்திருந்தார், மறு வருடம் மார்ச்சில் காலமானார். அந்த அரங்கத்தின் நடுவில் ஒன்றுமே இல்லை. சுற்றிலும் சுழலும் கண்ணாடிகளில் லேசர் பட்டு, 1850களின் பூகோளப் பாடநூலிலிருந்து எடுத்த எளிய கேள்விகள் சிவப்பு எழுத்துகளாகச் சுவரில் ஓடின, குரல்கள் சுழலும் ஒலிபெருக்கிகளிலிருந்து வந்தன. ஆடுகிறவர் யாரும் இல்லை. இதையும் இதே குழு என்று எண்ணலாமா என்று கேட்டால், எண்ணலாம். ஆனால் எனக்கு அங்கே ஒரு உடம்பு தேவைப்படுகிறது.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். நடனம் ஆடி முடித்ததும் போய்விடும், வீடியோ நிலைக்கும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இந்தக் குழுவின் விஷயத்தில் நடந்தது தலைகீழ். ஃபுருஹாஷி 1994-ல் கேனன் நிறுவனத்தின் கலைப் பிரிவான ஆர்ட்லேப்பின் ஆதரவோடு ‘லவ்வர்ஸ்’ என்று ஒரு தனிப் படைப்பு செய்தார். இருட்டு அறை, நடுவே புரொஜெக்டர்கள் அடுக்கிய கோபுரம், சுற்றுச் சுவரில் ஆள் உயரத்துக்கு நிர்வாண உருவங்கள் நடக்கின்றன, ஓடுகின்றன, கட்டிப்பிடிப்பது போல நெருங்குகின்றன, தொடாமல் கடந்துபோகின்றன. நீங்கள் அருகே போனால் சென்சார் உணர்ந்து ஃபுருஹாஷியின் உருவம் நின்று, கைகளை விரித்து, பின்னால் சாய்ந்து மறையும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1995-ல் இதைக் காட்டியது, பிறகு தன் சேகரிப்பிலும் சேர்த்தது. ஆனால் எல்லாம் லேசர் டிஸ்க் என்ற பழைய வீடியோ வட்டில் ஓடியது. டிஸ்க் தேய்ந்தது, பிளேயருக்கு உதிரிபாகம் இல்லை, அந்தக் காலக் கணினி நிரலைப் படிக்கவும் ஆள் இல்லை. 2016-ல் அருங்காட்சியகம் பழுதுபார்க்க இறங்கியபோது புரொஜெக்டரை மாற்றினால் சுவரில் விழும் வெளிச்சத்தின் தன்மையே மாறிவிடுமே, உருவம் நிற்பதற்கும் விழுவதற்கும் இடையே எத்தனை நொடி இருந்தது என்பது போன்ற ஒவ்வொன்றையும் யோசிக்க வேண்டியிருந்தது. செய்தவர் உயிரோடு இல்லை. தகதானியைக் கேட்டுத்தான் முடித்தார்கள். ஃபுருஹாஷி அதை உருவாக்கியபோது கூட இருந்தவர் அவர்.